சாரதிக்கு முதற் பாடம்

வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட நாட்களை யாரும் எளிதில் மறப்பதில்லை. ஸ்டியரிங்கைப் பற்றிய உள்ளங்கை வியர்த்தது, கிளட்சைச் சட்டென்று விட்டதால் வண்டி குலுங்கி நின்றது, மேட்டில் நிறுத்திக் கிளப்பும்போது பின்னோக்கி உருண்டது இவையெல்லாம் பிற்காலத்தில் சிரித்துப் பேசும் நினைவுகளாகிவிடுகின்றன. ஆனால் சாதகன் இவற்றைச் சிரிப்போடு விட்டுவிட வேண்டியதில்லை. ஆன்மிக வாழ்க்கைக்குரிய ஓர் அடிப்படைப் பாடம் இவற்றுள் அடங்கியிருக்கிறது.

புதிதாகக் கற்பவர்களுக்கு நேரும் தவறு ஒன்றைக் கவனிப்போம். எதிரே திடீரென ஒரு மாடு குறுக்கிடுகிறது. பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிடுகிறது. வண்டி பாய்கிறது, பதற்றம் பெருகப் பெருகக் கால் மேலும் அழுந்துகிறது. எந்த மிதி எதற்கு என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் பதற்றம் வந்த நொடியில் அந்த அறிவு கைகொடுக்கவில்லை. அறிந்தது ஒன்று நம் இயல்பாகவே மாறும்வரை செய்ய வேண்டியதே பயிற்சி.

யமன் கற்பித்த பாடம்

இந்த உண்மையை விளக்கக் கடோபநிஷதம் ஒரு தேரையே உவமையாக எடுத்துக்கொள்கிறது. உடல் தேர், ஆத்மா அதில் அமர்ந்திருக்கும் தலைவன், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள், புலன்கள் நாடும் பொருள்கள் அவை ஓடும் பாதைகள். விவேகமற்ற சாரதிக்கு முரட்டுக் குதிரைகள் அடங்காததுபோல், மனத்தை ஒருமைப்படுத்தாதவனுக்குப் புலன்கள் அடங்குவதில்லை. நசிகேதனுக்கு இதை உபதேசித்தவன் மரண தேவனாகிய யமன் என்பது நம் சிந்தனைக்குரியது. கடிவாளம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவனைவிட நன்கு அறிந்தவர் யார்?

குதிரைகளைக் கொல்லும்படி உபநிஷதம் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். குதிரை இன்றித் தேர் நகராது. புலன்களை அழிப்பது அன்று, சாரதியை விழிப்புடன் இருக்கச் செய்வதே சாதனை.

ஏட்டறிவும் பயிற்சியும்

திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் இடையே செல்லும் யாத்திரிகர்கள் ஏர்பேடு என்னும் ஊரைக் கடந்து செல்கிறார்கள். கேரளத்தில் பிறந்து, திருமலையில் நெடுங்காலம் தவம் புரிந்த மலையாள சுவாமிகள் 1926-ஆம் ஆண்டு வியாசாசிரமத்தை நிறுவியது இவ்வூரில்தான். அவர் இயற்றிய நூல் ஒன்றின் பெயர் 'சுஷ்க வேதாந்த தமோ பாஸ்கரம்'. உலர்ந்த வேதாந்தம் என்னும் இருளை அகற்றும் சூரியன் என்பது அதன் பொருள். வாழ்வில் இறங்காத வேதாந்தம், சாலை விதிகளை மனப்பாடம் செய்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடாதவரின் ஓட்டுநர் அறிவைப் போன்றது.

நமது மோட்டார் வாகனச் சட்டமும் இதை உணர்ந்தே இயற்றப்பட்டிருக்கிறது. பழகுநர் உரிமம் பெற்றவர் குறைந்தது 30 நாட்கள் கழித்தே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். அதுவரை, வண்டியைக் கட்டுப்படுத்தக்கூடிய நிலையில் உரிமம் பெற்ற ஒருவர் அவருடன் அமர்ந்திருக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்தையும் வண்டியில் காட்ட வேண்டும். 'நான் இன்னும் கற்பவன்' என்று ஊரறியச் சொல்லிக்கொள்ளும் அந்தப் பணிவு எத்துணை அழகானது! பயிற்சிப் பள்ளியின் வண்டியில் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாணவன் தடுமாறும்போது அது காக்கிறது. குருவின் அருளும் அத்தகையதே. ஆயினும் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியவன் சீடன்தான்.

இறக்கத்தில் எச்சரிக்கை

ஏர்பேட்டைக் கடந்து திருமலைக்குச் செல்வோர்க்கு இன்னொரு பாடம் காத்திருக்கிறது. 1974-இல் திறக்கப்பட்ட இரண்டாம் மலைப்பாதையில் வண்டிகள் ஏறுகின்றன. 1944-இல் திறக்கப்பட்ட முதற் பாதையில் இறங்குகின்றன. ஏறும்போது வண்டியின் பாரமே வேகத்தைத் தடுக்கும். இறங்கும்போது அதே பாரம் வேகத்தைக் கூட்டும். பிரேக்கை மட்டும் நம்பி விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே தேர்ந்த ஓட்டுநர் தொடக்கத்திலேயே கீழ் கியருக்கு மாறிவிடுகிறார். எஞ்சினே வேகத்தை அடக்குகிறது.

வாழ்க்கையிலும் துன்பமாகிய ஏற்றத்தில் நாம் எச்சரிக்கையாகவே இருக்கிறோம். எல்லாம் தாமாக ஓடும் இறக்கத்தில்தான் ஆபத்து. கோபமோ ஆசையோ மூண்ட பிறகு மனத்தை அடக்க முயல்வது பிரேக்கை மட்டும் நம்புவதாகும். அன்றாட ஜபமும் தியானமும் இறக்கம் தொடங்குமுன்பே மாற்றிக்கொண்ட கீழ் கியர்.

பிறர் உயிர்

1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி மோட்டார் வண்டி மோதி இறந்தார். பிரிட்டனில் மோட்டார் வண்டி மோதி உயிரிழந்த முதல் பாதசாரி அவர். ஓட்டியவருக்கு மூன்று வார அனுபவமே இருந்தது. இத்தகைய நிகழ்ச்சி இனி ஒருபோதும் நேரக்கூடாது என்று மரண விசாரணை அதிகாரி கூறினார். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நமது நாட்டின் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவற்றுள் பெரும்பாலான மரணங்களுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது. வேகம் இரு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பது இயற்கையின் நியதி.

ஏர்பேடும் இந்தத் துயரத்தைக் கண்ட ஊர். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று, ஆற்று மணல் அள்ளப்படுவது குறித்து முறையிடக் காவல் நிலையத்தின் முன் கூடியிருந்த கிராம மக்கள் மீது, கட்டுப்பாடிழந்த லாரி ஒன்று மின்கம்பத்தில் மோதிப் பாய்ந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த லாரியில் ஏறாமலே, சாலையோரம் நின்றதனாலேயே அவர்கள் உயிரிழந்தனர்.

சாரதியின் நிலையைப் பொறுத்தது அவனுடைய பயணம் மட்டுமன்று. முன்பின் அறியாத எத்தனையோ பேரின் உயிர் அவன் கையில் இருக்கிறது. 'என் மனம், என் கோபம், என் அவசரம், இதில் பிறருக்கென்ன?' என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. மன அடக்கம் தன் நலத்துக்கான தவம் மட்டும் அன்று. அது அகிம்சையும் ஆகும்.

இம்மாதச் சாதனை

1. வண்டியைக் கிளப்புமுன் ஒரு நிமிடம் கண்மூடி இறைவனை நினைப்போம். சினத்துடன் சாவியைத் தொடுவதில்லை என்று உறுதி கொள்வோம்.

2. ஒருவர் முந்திச் செல்லும்போது மனத்தில் எழும் அசைவைக் கவனிப்போம். கடிவாளம் தளரும் இடம் அதுவே.

3. உரிய வயதும் உரிமமும் இல்லாத பிள்ளைகளிடம் வண்டியைத் தருவதில்லை என்று பெற்றோர் தீர்மானிப்போம். பக்குவம் வருமுன் கொடுக்கும் எதுவும் அன்பாகாது.

வண்டி ஓட்டக் கற்பவர் சில மாதங்களில் 'எல்' பலகையைக் கழற்றிவிடுகிறார். சாதகன் அதைத் தன் உள்ளத்திலிருந்து ஒருபோதும் கழற்றலாகாது.