ஒரே நாவல், ஒன்பது அட்டை

கேள்வி: எந்தக் கடையில் கேட்டாலும் 'பொன்னியின் செல்வன்' ஆளுக்கொரு அட்டையில், ஆளுக்கொரு விலையில் கிடைக்கிறதே, எப்படி? எதை வாங்கலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆகிவிட்டன. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அப்படி ஆகாமல் இருந்திருந்தாலும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் இங்கே காப்புரிமை. கல்கி காலமானது 1954 டிசம்பரில், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1987-ல் மறைந்த சாண்டில்யனின் 'கடல் புறா'வுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

ராயல்டி கிடையாது, விற்குமோ விற்காதோ என்ற பயமும் கிடையாது. பதிப்பாளருக்கு வேறென்ன வேண்டும்? தாள், அச்சு, பைண்டிங், கடைக்காரர் கழிவு, அவ்வளவுதான். அதிலும் மிச்சம் பிடிக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது தாளிலும் பிழைதிருத்துபவர் கூலியிலும்.

ஒருமுறை புத்தகக் காட்சியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்து பாகமும் சேர்ந்த ஒரே தடிப் புத்தகத்தைத் தூக்கிவந்தேன். எழுத்து எறும்பு சைஸ். பைண்டிங்கில் ஒரு பாரம் இரண்டு முறை சேர்ந்து, அடுத்த பாரம் விடுபட்டுப் போயிருந்தது. 16 பக்கம் அம்பேல்! குதிரையில் ஏறிய வந்தியத்தேவன் எங்கே இறங்கினான் என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்க வேண்டியதாயிற்று.

அதனால் அட்டையைப் பார்த்து மயங்காதீர்கள். கடையிலேயே நடுவில் பிரித்து இரண்டு பக்கம் படியுங்கள், பக்க எண்களைப் புரட்டிப் பாருங்கள். 1950-ல் தொடர் தொடங்கியபோது மணியம் வரைந்த படங்களோடு கிடைத்தால், விலை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள்.