மின்னூல் வாசிக்க எத்தனை மணித்தியாலச் சார்ஜ் தேவை?

மகளுக்கு மின்னூல் வாசிப்பான் வாங்கச் செல்லும் பெற்றோர் கடையில் முதலில் கேட்பது, "ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை நாள் நிற்கும்?" என்பதைத்தான். வாசிப்பானுக்கு "ஆறு வாரம்" என்றும் டெப்புக்குப் "பத்து மணித்தியாலம்" என்றும் பதில் வரும். கேட்டவுடன் டெப் மிகவும் பின்தங்கியதாகத் தோன்றும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

2022இல் வெளிவந்த கிண்டிலை எடுத்துக்கொள்வோம். ஆறு வாரம் என்பது, வைபையை நிறுத்தி, நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் மட்டும் வாசிப்பவருக்கான கணக்கு. 42 நாள்களுக்கு 21 மணித்தியாலமே வருகிறது. ஐபேட்டில் வைபை மூலம் இணையம் பார்க்க அப்பிள் நிறுவனம் கூறுவது 10 மணித்தியாலம் வரை. ஆகவே, வித்தியாசம் சுமார் இரு மடங்குதான்.

இவ்வித்தியாசத்துக்குக் காரணம் திரை. வாசிப்பானின் திரையில் மின்னேற்றம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் நகர்ந்து எழுத்தாகின்றன. நகர்ந்தபின் அவை மின்சாரமின்றியே அப்படியே நிற்கும். பெரும்பாலும் பக்கம் புரட்டும்போதும் திரை விளக்கைப் போடும்போதும் சார்ஜ் குறையும். டெப் திரையோ ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஒளிர்ந்தபடியே இருக்கும். ஆனால் பாடநூல்களின் பீடிஎப் பிரதிகளைச் சிறிய வாசிப்பானில் பெருப்பித்து, நகர்த்தி வாசித்தால் திரை அடிக்கடி மாறும். அதிலும் சார்ஜ் விரைவாக இறங்கும்.

இனி நமது தேவையைப் பார்ப்போம். ஒரு வாரம் என் வாசிப்பு நேரத்தைக் குறித்து வந்தேன். நாளொன்றுக்குச் சுமார் இரண்டு மணித்தியாலம். அப்படியானால் வாசிப்பான் எனக்குப் பத்து நாள் வரும். டெப் ஐந்து நாள் வரும். 2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. அத்தகைய நாளிலும் முழுதாகச் சார்ஜ் செய்த டெப் எனக்குப் போதும். ஒரு நிபந்தனை: அதில் விளையாட்டும் காணொளியும் கூடாது.

மின்கலத்தின் கொள்ளளவு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். எனவே, தேவையைப் போல் இரு மடங்கு இருப்பது நல்லது. அதற்கு மேலுள்ள வாரங்களுக்காக மட்டும் பணம் செலவிட வேண்டியதில்லை. கவனம் சிதறாமல் வாசிக்க வாசிப்பான் உதவும். அதற்காக வாங்கலாம், அது வேறு காரணம்.

தோழியரே, வாங்கித் தரும்படி வீட்டில் கேட்கும் முன், ஒரு வாரம் உங்கள் வாசிப்பு நேரத்தையும் குறித்துப் பாருங்கள். அந்தக் கணக்கைப் பெற்றோரிடம் காட்டுங்கள்.