சோடா ஊற்றுமுன் ஒரு வார்த்தை



கப்பல் வேலையிலிருக்கும் உங்கள் மைத்துனர் கொடுத்த எல் டொராடோ 15 வருட ரம்மில் சோடா ஊற்றலாமா, கோலா ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம்.

நம் கோலார் தங்கவயலில் ரம் என்றால் ஓல்டு மங்க். அல்லது யாராவது எக்ஸ்-சர்வீஸ்மேன் தயவில் வரும் ராணுவக் கேண்டீன் பாட்டில். நம் நாட்டு ரம் பெரும்பாலும் உயரமான கோபுரக் கலனில் நிற்காமல் வடிப்பது. சரக்கு சுத்தமாக வரும், வாசனை பெரும்பாலும் அங்கேயே கழன்றுவிடும். பானையில் வடிப்பது அப்படியல்ல. மொலாசஸ் ஊறலை ஒவ்வொரு ஈடாகக் காய்ச்சுவார்கள். புளிப்பில் பிறந்த மணங்கள் ஆவியோடு சேர்ந்தே இறங்கிவரும்.

உங்கள் பாட்டிலில் கலந்திருக்கும் ரம்களில் ஒன்று கயானாவின் போர்ட் மோரன்ட் பானையில் வடித்தது. அந்தப் பானை செம்பல்ல, கிரீன்ஹார்ட் மரம். இன்று அது டெமரரா ஆற்றங்கரையில் டயமண்ட் ஆலையில் இருக்கிறது. போர்ட் மோரன்ட் பெர்பீஸ் பகுதியின் பழைய கரும்புத் தோட்டம். 1838 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கயானாவுக்குக் கப்பலேறியவர்களில் மதராஸ் மாகாணத்துத் தமிழர்களும் உண்டு. கிரிக்கெட் வீரர் காளிச்சரண் அந்த வட்டாரத்தில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கவயலில் சுரங்கத்தை எடுத்துக்கொண்டதும் வட ஆற்காட்டிலிருந்து நம் பாட்டன்மார் வந்தார்கள். இவர்கள் பாறை உடைத்தார்கள், அவர்கள் கரும்பு வெட்டினார்கள். இரண்டு இடத்திலும் முதலாளி வெள்ளைக்காரன்.

15 வருடம் என்பதையும் லேசாக எண்ணாதீர்கள். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூர் அம்ருத் ஆலையில் அது 10 சதவீதத்துக்கும் மேல். கயானாவும் வெயில் பூமிதான்.

இனி குடிக்கும் முறை. வாய் குறுகிய சின்ன கிளாஸில் 30 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காதீர்கள், நெடி ஏறும். வாயை லேசாகத் திறந்தபடி விளிம்பில் முகருங்கள். அதிமதுரம், கிராம்பு, அடிபிடித்த வெல்லப்பாகு, சீவிய பென்சில் மணம் வரும். முதல் மிடறு நாக்கை நனைக்க மட்டும், ருசி இரண்டாவதில்தான். காட்டமாகப் பட்டால் சில சொட்டுத் தண்ணீர், ஐஸ் வேண்டாம். ஒரு கிளாஸோடு மூடிவையுங்கள். சம்பள நாளில் ரம் எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்பது நம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குத் தெரியும்.

இது பிடித்துப்போனால், அடுத்து ஜமைக்காவின் ஹாம்ப்டன் ரம் வாங்கிவரச் சொல்லுங்கள். திறந்ததும் அழுகிய பலாப்பழமும் வார்னிஷும் சேர்ந்த வாடை அடிக்கும். கெட்டுப்போய்விட்டதென்று கீழே கொட்டிவிடாதீர்கள். அந்த வாடைக்காகவே நாள்கணக்கில் புளிக்கவைக்கிறார்கள்.

அன்புடன்,
ராபர்ட்சன்பேட்டையிலிருந்து