யாருக்காக எழுதப் போகிறாய்?

அன்புள்ள தம்பிக்கு,

லிப்ரெஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளுக்குத் தமிழில் கையேடு எழுதப் போவதாகச் சொன்னாய். மிகவும் மகிழ்ச்சி. யாருக்காக என்று கேட்டதற்கு மட்டும் "எல்லாருக்கும்" என்றாய். அதைக் கொஞ்சம் பேசலாம்.

இலவச மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இந்த எண்ணம் இயல்பாகவே வரும். விலை இல்லை, உரிமத் தடை இல்லை. அப்புறம் யாரை எதற்காக ஒதுக்க வேண்டும்? ஆனால் மென்பொருள் எல்லாருக்கும் பொதுவாக இருக்கலாம், கையேட்டின் ஒரு பக்கம் அப்படி இருக்க முடியாது.

ஓர் உதாரணம். மைக்ரோசாஃப்ட் வேர்டில் தயாரித்த கோப்பை லிப்ரெஆஃபிஸின் எழுதும் செயலியான ரைட்டரில் திறந்து, திருத்தி, சேமிக்கப் போனால் ஒரு கேள்வி எழும்: வேர்டு வடிவத்திலேயே வைத்துக்கொள்வதா, லிப்ரெஆஃபிஸின் சொந்த வடிவமான ஓடிஎஃப்புக்கு மாற்றுவதா? கல்லூரி மாணவிக்குத் தெரிய வேண்டியது, ஆசிரியர் கேட்ட வடிவத்தில் எப்படி அனுப்புவது என்பது மட்டும்தான். பல வருடம் வேர்டில் பழகிய எழுத்தருக்கோ பயம்: மாற்றினால் அட்டவணை கலைந்துவிடுமா, மேலதிகாரியின் கணினியில் திறக்குமா? அலுவலகத்தின் கணினிகளையெல்லாம் கவனிப்பவருக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. எல்லாக் கணினிகளுக்கும் இயல்பு வடிவத்தை எங்கே அமைப்பது என்று தெரிந்தால் போதும். மூவருக்கும் ஒரே பத்தியில் பதில் சொன்னால் மாணவி பாதியிலேயே மூடிவிடுவாள், நிர்வாகி தேடிக் களைத்துப்போவார்.

இந்த மூவரில் நான் அதிகம் கவலைப்படுவது அந்த எழுத்தரைப் பற்றித்தான். அவர் லிப்ரெஆஃபிஸைத் தானாகத் தேடி வந்தவர் அல்ல. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் தன் நிர்வாகத்தின் சுமார் 30,000 கணினிகளை லிப்ரெஆஃபிஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. முடிவு அமைச்சரவையினுடையது, மறுநாள் காலையில் கடிதம் தயாரிக்க வேண்டியவர் ஊழியர். முன்பு மியூனிக் மாநகராட்சி லினக்ஸுக்கும் லிப்ரெஆஃபிஸின் முன்னோடியான ஓப்பன்ஆஃபிஸுக்கும் மாறியபோது, தன் ஊழியர் நாள் முழுக்கக் கையாள்வது கடிதத் தலைப்பும் படிவமும்தான் என்று உணர்ந்து, அதற்கென்றே வோல்மக்ஸ் என்ற துணைநிரலை எழுதியது. 2017இல் அந்த மாநகராட்சி விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது உண்மை. ஆனாலும் ஊழியரின் மேசையிலிருந்து தொடங்கிய அந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

லிப்ரெஆஃபிஸின் ஆங்கிலக் கையேடுகளைப் பார். ரைட்டருக்கு ஒன்று, கணக்குத்தாள் செயலியான கால்குக்கு ஒன்று, தொடங்குபவர்களுக்குத் தனியே ஒன்று. பெரும்பாலும் மென்பொருளின் பாகங்களை வைத்துப் பிரித்தவை. விவரம் தேடுகிறவருக்கு அவை அருமையானவை. ஆனால் நீயும் அதே வரிசையில் மெனு மெனுவாகப் போகாதே.

வேறு மென்பொருளிலிருந்து மாறிவருபவரையே எடுத்துக்கொள். அப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாரம் முழுக்கத் திறக்கும் கோப்புகளைப் பார்த்துக் குறித்துக்கொள். சுற்றறிக்கையா, சம்பளப் பட்டியலா, முகவரிகளை இணைத்து அச்சிடும் கடிதமா? அந்த வேலைகளே உன் அத்தியாயங்கள். முகப்பிலேயே எழுதிவிடு: வேர்டில் கடிதம் தயாரிக்கத் தெரிந்தவருக்கு, மவுஸ் பிடிக்கக் கற்பவருக்கு அல்ல. அவருக்கு வேறொரு புத்தகம் வேண்டும். அதை எழுத வேறொருவர் வரட்டும், அல்லது பிறகு நீயே எழுது.

முதல் அத்தியாயம் முடிந்ததும், எனக்கு அனுப்புமுன், நீ பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தவரிடம் கொடுத்துப் பார்.

அன்புடன்,
அண்ணன்