அரசுப் பணியா? தனியார் பணியா? – மந்த காலம் தரும் பாடம்

முன்னுரை

“கோழி மேய்த்தாலும் கும்பினியில் மேய்க்க வேண்டும்” என்பது நம் பெரியோர் வாக்கு. கும்பினி என்பது கிழக்கிந்தியக் கம்பெனி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கம்பெனி 1600-ஆம் ஆண்டில் இலண்டன் வணிகர்கள் கூடித் தொடங்கிய தனியார் நிறுவனமே ஆகும்! 1858-இல் ஆட்சி பிரிட்டிஷ் அரசின் கைக்கு மாறியது. கும்பினி மறைந்தது, பழமொழி மறையவில்லை. “கவர்ன்மெண்டில் மேய்க்க வேண்டும்” என்று ஒரு சொல் மட்டும் மாறி, கள்ளக்குறிச்சித் திண்ணைகளிலும் கல்வராயன் மலையூர்களிலும் இன்றும் வழங்கி வருகிறது.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நமக்கு இது வெறும் பழமொழி அன்று. இவ்வாண்டுத் தேர்வு முடிந்ததும் “அடுத்து என்ன?” என்று வீட்டில் கேட்பார்கள். ஆகவே அரசுப் பணியும் தனியார் பணியும் பொருளாதார மந்த காலத்தில் எவ்வாறு இருக்கின்றன என்பதை ஆராய்ந்து பார்ப்போம்.

மந்தம் என்றால் என்ன?

மக்கள் பொருள் வாங்குவதைக் குறைக்கும்போது கடைகளில் சரக்குத் தேங்குகிறது. சரக்குத் தேங்கினால் ஆலை உற்பத்தியைக் குறைக்கிறது, ஆட்களையும் குறைக்கிறது. வேலையிழந்தவர் இன்னும் குறைவாகவே வாங்குவார். இவ்வாறு சுழன்று சுழன்று கீழே இறங்குவதே மந்தம். 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்தபோது, அதன் அதிர்ச்சி நம் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் வரை வந்தது. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் இந்தியப் பொருளாதாரம் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது.

ஊதியம் எங்கிருந்து வருகிறது?

நம் ஊர் நிலங்களைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். தனியார் ஊதியம் வானம் பார்த்த நிலம் போன்றது. விற்பனை என்ற மழை பெய்தால் விளையும். பொய்த்தால் அந்த மாதமே காயும். அரசு ஊதியம் கோமுகி அணைப் பாசனம் போன்றது. வரி என்ற நீர் தேங்கியிருக்கிறது. போதாவிட்டால் அரசு கடன் வாங்கியும் மதகைத் திறக்கலாம். அதனால் ஒரு பருவம் மழை பொய்த்தாலும் வயலுக்குத் தண்ணீர் வரும். ஆனால் அணைக்கும் மழைதான் வேண்டும். கடைக்காரரும் ஆலைக்காரரும் தொழிலாளியும் செலுத்தும் வரியிலிருந்தே அரசு ஊழியர் ஊதியம் பெறுகிறார். இதை உணர்ந்தால், ஒருவரை உயர்வாகவும் மற்றவரைத் தாழ்வாகவும் நினைக்க மாட்டோம்.

ஒரு கணக்கு

2020-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்காள் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர்; தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.19,500. தங்கை ஒரு தனியார் நிறுவனத்தில் ரூ.15,000 வாங்குவதாகக் கொள்வோம்.

கொரோனா நெருக்கடியால் தமிழக அரசு 2020 ஏப்ரலில் அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தது. 17 சதவீதமாக நின்ற படி, 2022 ஜனவரியில்தான் 31 சதவீதமாக உயர்ந்தது. நிறுத்தாமல் இருந்திருந்தால் 2020 ஜனவரியில் 21, ஜூலையில் 24, 2021 ஜனவரியில் 28, ஜூலையில் 31 என்று படிப்படியாக ஏறியிருக்கும். ஆகவே அக்காள் இழந்தது முதல் ஆறு மாதம் 4 சதவீதம், அடுத்து 7, அடுத்து 11, அடுத்து 14. ரூபாயில் சொன்னால் 4,680, 8,190, 12,870, 16,380. ஆண்டு ஊதிய உயர்வைச் சேர்க்காமல் இரண்டு ஆண்டுகளுக்கு மொத்தம் ரூ.42,120.

தங்கைக்கு மூன்று மாதம் வேலையில்லை என்று வைத்தால் இழப்பு ரூ.45,000.

இரண்டு தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அடி ஒன்றா? அக்காள் இழந்தது வரவேண்டிய உயர்வை. அவள் கைக்குப் படியோடு சேர்த்து ரூ.22,815 மாதந்தோறும் வந்துகொண்டே இருந்தது. தங்கை இழந்ததோ உலையில் போடும் அரிசியை. மூன்று மாதத்துக்குப் பிறகு வேலை இருக்குமா என்பதும் அவளுக்குத் தெரியாது. நம் பெற்றோர் “அரசு வேலை, அரசு வேலை” என்று சொல்வது பேராசையால் அன்று. இந்த அச்சத்தால்தான் என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

அரசுப் பணியும் அசையாத பாறையன்று

1931-இல் உலகப் பெருமந்தத்தின்போது இந்தியாவில் அரசு ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து வெட்டப்பட்டது. ஆயினும் அப்போது விலைவாசியும் பெரிதும் வீழ்ந்திருந்ததால், மாதச் சம்பளக்காரர் ஓரளவு தப்பினார். விளைபொருளை விற்ற உழவரே நொடித்துப் போனார். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்துக்குப் பதிலாகப் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஊழியரில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்ற பின் பெரும்பாலோர் மீண்டும் சேர்க்கப்பட்டனர்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்ததுண்டு. 2008-09 மந்தத்தில் தனியார் ஆலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த வேளையில், ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி அரசு ஊழியர் ஊதியம் உயர்ந்தது. தமிழகத்தில் 2009 ஜூனில் அதற்கான ஆணை பிறந்தது. அந்தப் பணம் கடைத்தெருவுக்கு வந்து வணிகத்துக்கும் உதவியது. மந்த காலத்தில் அரசு செலவிட்டால் தொழில் எழும் என்று பொருளியல் அறிஞர் கெயின்ஸ் 1936-இல் எழுதியதும் இதுவே.

வாசலில் நிற்பவர்கள்

மந்த காலத்தில் அரசுப் பணியின் உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு. வெளியே நிற்பவருக்குக் கதவு அடைப்பு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. 2019 செப்டம்பருக்குப் பிறகு தொகுதி நான்கு தேர்வு 2022 ஜூலையில்தான் நடந்தது. இடையில் ஓய்வு பெறும் வயது 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஓய்வு பெறுவோர்க்குத் தர வேண்டிய பெருந்தொகையை அரசு தள்ளிப்போட முடிந்தது. ஆனால் காலியிடங்களும் தள்ளிப்போயின. காத்திருந்தோரின் வயது மட்டும் காத்திருக்கவில்லை. பிறகு அரசு வயது வரம்பை இரண்டு ஆண்டு உயர்த்தி ஆறுதல் அளித்தது.

2022-இல் 7,301 இடங்களுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். ஓர் இடத்துக்கு 300 பேர்! இடங்கள் 10,117 ஆக உயர்த்தப்பட்ட பின்னும் ஓர் இடத்துக்கு 200 பேருக்கு மேல். இத்தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே. ஆனால் நம்மோடு போட்டியிடுவோரில் பட்டதாரிகளும் பொறியாளர்களும் இருப்பார்கள். எனவே முயல வேண்டும். ஆனால் முயற்சி ஒன்றையே வாழ்க்கையாக்கி, வேறு எதுவும் கற்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது தகாது.

இரண்டிலும் சேராதவர்கள்

“அரசா, தனியாரா?” என்று பட்டிமன்றம் நடத்தும்போது நாம் ஒரு கூட்டத்தையே மறந்துவிடுகிறோம். நம் நாட்டில் உழைப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் யாரிடமும் மாதச் சம்பளம் வாங்காதவர்கள். சொந்த நிலத்திலும் சிறு கடையிலும் பாடுபடுபவர்கள். அவர்களோடு தினக்கூலிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்வராயன் மலையில் மரவள்ளியும் சாமையும் விளைவிப்போர், தோட்ட வேலைக்குக் கேரளமும் கருநாடகமும் செல்வோர், மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டுவோர் ஆகியோருக்கு அகவிலைப்படியும் இல்லை, சேமநல நிதியும் இல்லை. 2020-இல் நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி தமிழகத்தில் நாளொன்றுக்கு ரூ.256. அத்தொகையே அன்று பல வீடுகளில் அடுப்பு எரிய உதவியது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, சலுகைகளை அறிந்திருப்போம். தமிழக அரசுப் பணிகளில் 1989 முதல் பெண்களுக்கு 30 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. அதை 40 ஆக உயர்த்துவதாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. பழங்குடியினருக்கு 1 சதவீத இடஒதுக்கீடு உண்டு. மலையிலிருந்து வந்து பயிலும் தோழியர் கோட்டாட்சியர் வழங்கும் சாதிச் சான்றிதழைக் கடைசி நேரம் வரை தள்ளிப்போடாமல் இப்போதே பெற்று வைத்தல் நலம்.

இரண்டாவதாக, தனியார் பணியில் சேர்ந்தால் சம்பளத்தை மட்டும் கேட்காமல் சேமநல நிதியும் இ.எஸ்.ஐ.யும் உண்டா என்று கேட்போம். சேமநல நிதியில் நாம் 12 சதவீதம் கட்டினால் முதலாளியும் 12 கட்ட வேண்டும். இ.எஸ்.ஐ.யில் உரிய காலம் சந்தா கட்டி வேலையிழந்தவர்க்கு, 2020-இல் பாதி ஊதியம் 90 நாள் வரை உதவியாக வழங்கப்பட்டது. நம் கணக்கில் வரும் தங்கைக்கு அது ரூ.22,500, இழப்பில் சரிபாதி! மகப்பேறு விடுப்பும் தனியாரில் சட்டப்படி 26 வாரம் உண்டு. தமிழக அரசுப் பணியில் 2021 முதல் 12 மாதம்.

மூன்றாவதாக, கைத்தொழில் ஒன்றைக் கற்போம். தையலோ, கணினியோ, கணக்கு எழுதுவதோ, செவிலியர் படிப்போ எதுவானாலும் சரி. தேர்வுக்குப் படித்துக்கொண்டே சம்பாதிக்கும் பெண்ணை, காத்திருக்கும் காலம் வீணாக்காது.

பெற்றோருக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். மகனுக்குப் பயிற்சி வகுப்பு, மகளுக்குத் திருமணம் என்று பிரிக்காதீர்கள். மந்தம் வரும்போது ஒரு சம்பளம் நின்றாலும் மற்றொரு சம்பளம் வீட்டைத் தாங்கும். அந்தச் சம்பளம் மகளுடையதாகவும் இருக்கலாம்.

முடிவுரை

1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில், உழைப்பவரின் கூலி அவர் எளிமையாக வாழப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று கற்பித்தார். அவர் அரசுப் பணி, தனியார் பணி என்று பிரிக்கவில்லை. நாசரேத்தூரில் தச்சு வேலை செய்த புனித சூசையப்பரின் உழைப்பைத் திருச்சபை மே முதல் நாளில் விழாவாகக் கொண்டாடுகிறது. ஆகவே அரசு நாற்காலியில் அமர நேர்ந்தால், அந்த ஊதியம் கரும்பு வெட்டுபவரின் வரியும் சேர்ந்தது என்பதை மறவாமல், மனுவோடு வருபவரை நிற்க வைக்காமல் பணி செய்வோம். தனியாரிடம் சேர்ந்தால் உண்மையாய் உழைத்து உரிமையையும் கேட்டுப் பெறுவோம். நாளை நாமே நால்வருக்கு வேலை தரும் நிலைக்கு உயர்ந்தால், மந்த காலத்திலும் அவர்கள் வீட்டு அடுப்பை நினைத்துப் பார்ப்போம். அதற்கான முதற்படி இவ்வாண்டுத் தேர்வு. நன்கு படிப்போம், இறைவன் துணை நிற்பாராக.