ஜேசிபியா, மினி ஹிட்டாச்சியா?

கேள்வி: பல வருடம் சம்பளத்துக்கு ஜேசிபி ஓட்டியவன். கடன் வாங்கிச் சொந்த வண்டி எடுக்கப் போகிறேன். ஜேசிபியே எடுக்கவா, 3 டன் மினி ஹிட்டாச்சியா? – வாசகர், ஒரத்தநாடு

பதில்: ஒரத்தநாடு என்பதால் ஜேசிபி. பாபநாசத்திலிருந்து கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

பாபநாசம் பக்கத்துப் பழைய டெல்டாவின் களிமண் காயாமல் இருந்தால், 7 டன்னைத் தாண்டும் ஜேசிபியின் டயர் அச்சுவரை இறங்கிவிடும். இழுத்துவிட இன்னொரு வண்டி வரவேண்டும். அன்றைய வாடகை அதற்கே சரி. மினி செயினில் நிற்பதால் அவ்வளவு புதையாது. ஒன்றரை மீட்டர் அகலம்தான். ஒடுங்கிய வாய்க்கால் கரையில் நின்று சேற்றை அள்ளி, முழு வட்டமும் சுழன்று எந்தப் பக்கமும் கொட்டும். ஜேசிபியின் பின்கை அரைவட்டத்தோடு நின்றுவிடும்.

ஆனால் தூர்வாரும் வேலை எத்தனை நாளைக்கு? மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12ல் திறந்தால், அதற்கு முந்தைய கோடைதான் சீசன். அதிலும் பெரிய வாய்க்கால்களுக்கு ஒப்பந்தக்காரர்கள் பெரிய ஹிட்டாச்சியையே இறக்குவார்கள். தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும்!

மற்ற மாதங்களில் அஸ்திவாரம் தோண்டப் பின்கை வேண்டும்; மனை மட்டம் செய்ய, டிப்பரில் மண் ஏற்ற முன்பக்கெட் வேண்டும். காலையில் பட்டுக்கோட்டை, மதியம் மன்னார்குடி என்று ஜேசிபியை ரோட்டிலேயே ஓட்டிப் போகலாம். மினிக்கு ஒவ்வொரு தடவையும் லாரி. 2018 கஜா புயலில் விழுந்த தென்னைகளை அப்புறப்படுத்த உங்கள் பக்கம் ஜேசிபிக்கு இருந்த கிராக்கி உங்களுக்கே தெரியும்.

பழைய வண்டி என்றால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். பின்கையை நீட்டி, பக்கெட்டை ஆட்டிப் பாருங்கள்; பின்னும் புஷ்ஷும் கடகடத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.