ஸ்கோப்பை விட்டுக் கதையை விற்கிறார்கள்

பீர்மேடு

அன்புள்ள முருகேசனுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே மழை விட்டபாடில்லை.

வண்டிப்பெரியாறு பக்கத்துப் பங்களாச் சாமான்களோடு கம்பத்துக்கு வந்த துப்பாக்கி ஸ்கோப்பை, ‘துரை யானை சுட்டது’ என்று சொல்லி ஒருவர் உன்னிடம் விலை பேசுகிறார் என்று எழுதியிருந்தாய். எனக்கு நம்பிக்கை இல்லை. யானை வேட்டைக்குப் போன துரைமார் காட்டுக்குள் கிட்டத்தில் நெருங்கி, துப்பாக்கியின் குறிமுள்ளை மட்டும் பார்த்துச் சுட்டவர்கள். புதருக்குள் ஸ்கோப் எதற்கு? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை போயிற்று, கதை மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

நீ அனுப்பிய படத்தில் குழாய்மேல் ‘நம்பர் 32’ என்ற எழுத்தும் அம்பு முத்திரையும் தெரிகின்றன. அசல்தான் என்றால் அது பிரிட்டிஷ் ராணுவச் சாமான். இரண்டாம் உலகப் போரில் 303 லீ என்ஃபீல்டு நம்பர் 4 (டி) ரைபிளில் மாட்டியது, மூன்று மடங்குதான் பெரிதாகக் காட்டும். ஸ்கோப்பின் நம்பரை ரைபிளின் கட்டையிலும் அடித்திருப்பார்கள். வெளிநாட்டில் நல்ல விலைக்குப் போவது, நம்பர் ஒத்துப்போகும் அந்த ஜோடி. இங்கேயோ 303 தடைசெய்த ரகம், சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. ஆக உன் ஸ்கோப்புக்கு ஜோடி சேர வழியில்லை. விற்கிறவர் வெளிநாட்டு விலையைச் சொன்னால் இதை எடுத்துச் சொல்.

அதைவிடப் பெரிய விஷயம் கண்ணாடி. பீர்மேட்டு ஈரத்தில் வருஷக்கணக்காகத் தோல் உறைக்குள் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். பெரிய கண்ணாடிப் பக்கம் டார்ச்சைச் சாய்த்து அடித்து, மறுமுனை வழியாகப் பார். சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாக ஓடினால் பூஞ்சைதான். மேலாக இருந்தால் துடைத்தால் போய்விடும். கண்ணாடியையே தின்றிருந்தால் துடைத்த பிறகும் தடம் நிற்கும். விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால், இரண்டு லென்ஸைச் சேர்த்து ஒட்டிய பால்சம் விட்டுக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யும் கைக்காரரைத் தேடியே நீ ஓய்ந்துபோவாய். ஒன்று, படம் கொஞ்சம் மங்கலாகத் தெரிவதை மட்டும் வைத்துத் தள்ளிவிடாதே. மேற்பூச்சு இல்லாத பழைய லென்ஸ் முகம் ஒவ்வொன்றும் நூற்றுக்கு நாலு பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அதன் பிறவிக்குணம் அது.

பிறகு ஸ்கோப்பை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்து, எதிர்வீட்டு ஓட்டு முனைக்கு நேராகக் குறிக்கம்பியை நிறுத்து. திருகு வளையத்தைப் பத்து ‘டிக்’ மேலே, பத்து ‘டிக்’ கீழே திருப்பு. கம்பி பழைய இடத்துக்கே வர வேண்டும். வராவிட்டால் உள்ளே தேய்ந்திருக்கிறது. திருகாணிகளின் காடி சிதைந்திருந்தால் யாரோ திறந்து கைவைத்திருக்கிறார்கள், விலையைப் பாதியாக்கிக் கேள். பித்தளை பளபளவென்று மின்னினால் இன்னும் குறைத்துக் கேள். கறுப்புப் பூச்சைச் சுரண்டியவர் அதன் மதிப்பையும் சேர்த்துச் சுரண்டிவிட்டார்.

பணம் கொடுக்குமுன் தேனி கலெக்டர் ஆபீஸில் ஆயுத லைசென்ஸ் பார்க்கிற பிரிவில், இதை வைத்திருக்க என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுக்கொள். ரசீது தராதவரிடம் வாங்கவே வேண்டாம். டார்ச் அடிக்க விடமாட்டேன் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடு.

வாங்கிவிட்டால், எனக்குக் காட்ட ஆசையாக இருந்தாலும் இங்கே கொண்டுவராதே. தோல் உறையைக் கழற்றிவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் கம்பத்திலேயே வை. நான் பங்குனியில் வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா